90 நாளில் 12 கிலோ: ஸ்லிம்மிங் சென்டரில் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வாயைக் கட்டியும் பார்த்தாச்சு, தினமும் நடந்தும் பார்த்தாச்சு, எடை அசையவே மாட்டேன் என்கிறது என்று மனம் வெறுத்துப்போய் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. உடல் இளைக்க வைக்கிறோம் என்று கடை விரித்திருப்பவர்கள் குறிவைப்பது இந்தக் கட்டத்தில் இருப்பவர்களைத்தான். நம்பிக்கை போன இடத்தில் பேக்கேஜ் சுலபமாக விற்கும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்தது இது. அந்த அம்மாவுக்கு வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. ஸ்லிம்மிங் சென்டரில் 90 நாளில் 12 கிலோ குறைத்துத் தருவதாகச் சொல்லி 48,000 ரூபாய்க்குப் பேக்கேஜ் போட்டார்கள். காலையும் இரவும் ஒரு ஸ்கூப் பவுடர், மதியம் ஒரு சப்பாத்தியும் காயும், நடுவில் 'மூலிகை' கேப்சூல், வாரம் இரண்டு நாள் வயிற்றில் சூடு பெல்ட். பத்தாம் நாள் 4 கிலோ குறைந்திருந்தது. போட்டோ எடுத்து சென்டரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்கள். அதற்குப் பிறகு எடை நகர மறுத்தது. 90 நாள் முடிவில் 79, இன்னும் இரண்டு மாதத்தில் மறுபடி 83. இடையில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதுதான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "மேடம், நீங்க சார்ட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணல." எத்தனையோ சென்டர்களில் எத்தனையோ பேர் கேட்ட பதில்தான் இது.

அவர் சார்ட்டை மீறியிருந்தாலும் மீறாவிட்டாலும் அந்த வாக்குறுதி நிறைவேற வழியே இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 12 கிலோவுக்கு 92,400. அதை 90 நாளுக்குப் பிரித்தால் தினமும் ஆயிரத்துச் சொச்சம் கலோரி பற்றாக்குறை வேண்டும். அந்த வயதில், அந்த உயரத்தில், அந்த எடையில் வீட்டு வேலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு ஒரு நாள் செலவே 1,950 கலோரி அளவுதான். அதாவது மூன்று மாதம் முழுக்க, ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு பண்டிகைகூடக் குறுக்கிடாமல், தினமும் ஏறத்தாழ 900 கலோரி மட்டுமே சாப்பிட்டிருக்க வேண்டும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாரையும் வைக்கக் கூடாத அளவு அது. எடை இறங்க இறங்க உடலின் செலவும் குறையும், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மனம் வராது. எனவே முதல் நாள் போட்ட கணக்கு அறுபதாம் நாளில் செல்லாது.

அப்படியானால் முதல் பத்து நாளில் 4 கிலோ எப்படிக் குறைந்தது? அவர் சாப்பிட்டது 850 கலோரி என்றே வைத்துக்கொள்வோம். தினம் 1,100 கலோரி பற்றாக்குறை, பத்து நாளில் 11,000. கொழுப்பாகப் போயிருக்கக்கூடியது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் நீர் வெளியேறும், குடலில் உணவின் எடையும் குறையும். இதில் உடலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதைக் கொழுப்புக் கரைந்ததாகக் காட்டி, அந்த மகிழ்ச்சி அடங்கும் முன் அடுத்த பேக்கேஜை விற்பது ஏமாற்று. பத்தாம் நாளில் யாராவது பணத்தை நீட்டச் சொன்னால் நீட்டாதீர்கள். ஆறு வாரம் கழித்து என்ன எடை என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

செருப்பைக் கழற்றி ஏறி நிற்கும் கொழுப்பு மெஷினைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, உடல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, நீங்கள் சொன்ன உயரம், வயது, பாலினத்தை வைத்து மதிப்பிடுகிறது. அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், சாப்பிட்டீர்களா, வியர்த்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே எண் மாறும். கவுண்டரில் இருப்பவர் உயரத்தை 158க்குப் பதில் 161 என்று அழுத்தினால், ஒரு கிராம்கூடக் குறையாமலே கொழுப்புச் சதவீதம் இறங்கிவிடும். முதல் நாள் அச்சிட்ட சீட்டையும் கடைசி நாள் சீட்டையும் பக்கத்தில் வைத்து, உயரமும் வயதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ச் டேப்பிலும் இதே வேலை நடக்கும். முதல் நாள் தொப்புளுக்கு மேல் தளர்வாகச் சுற்றுவார்கள், கடைசி நாள் இரண்டு விரல் தள்ளி, மூச்சை வெளியே விடச் சொல்லி இறுக்குவார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்ட நிலையில் நீங்களே வீட்டில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. சூடு பெல்ட் எடுப்பது வியர்வையை மட்டும்தான். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பெயர் தெரியாத கேப்சூலுக்கும் பவுடருக்கும்தான். மூலிகை என்று விற்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருட்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பசியை அடக்கும் இந்த மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது, 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. சில பொருட்களில் பினாப்தலீன்கூட இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் ஊற்றினால் இளஞ்சிவப்பாக மாறுமே, அதே பொருள். ஒரு காலத்தில் பேதி மருந்தாக இருந்து, புற்றுநோய் அச்சத்தால் கைவிடப்பட்டது. ஒரு பவுடரைச் சாப்பிடத் தொடங்கிய சில நாளிலேயே பசி சுத்தமாக அற்றுப்போய், வாய் வறண்டு, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் அதை உடனே நிறுத்துங்கள். இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் சாட்சி.

'ஸ்லிம் டீ' என்று வருவதில் பலவற்றில் நிலாவாரை இலை இருக்கும். நல்ல பேதி மூலிகைதான், மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சாப்பாட்டின் கலோரி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், நிலாவாரை வேலை செய்வது பெருங்குடலில். வெளியேறுவது தண்ணீரும் பொட்டாசியமும். மாதக்கணக்கில் குடித்தால் கெண்டைக்கால் இழுக்கும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருப்பதைக் காட்டி 'அரசு அங்கீகாரம்' என்பார்கள். உணவு வியாபாரம் செய்ய உரிமம் உண்டு என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்தப் பொடி எடையைக் குறைக்கும் என்று யாரும் சான்று கொடுத்ததாக ஆகாது. மருந்து என்று சொல்லி உடல் பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பருமனும் இருக்கிறது.

இப்படி 850 கலோரியில் ஒருவரை வைப்பது வெறும் பண நஷ்டத்தோடு முடிவதில்லை. கிளிமிபிரைடு, கிளைகிளசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். வேகமாக இளைத்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்புக் கூடும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால் பலர் அதைச் சென்டரோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. சேரும்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்காத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, ஒழுங்காகச் சாப்பிட்டும் நடந்தும் ஏன் குறையவில்லை? பெரும்பாலான வீடுகளில் பதில் எண்ணெய் டின்னில் இருக்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்குத் தினம் 38 கிராம், ஏறத்தாழ 340 கலோரி. செக்கெண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். அதை மூன்று லிட்டராக இறக்கினால் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். மாதத்தின் முதல் நாள் எண்ணெயை அளந்து தனியாக எடுத்து வையுங்கள், தாளிக்க ஐந்து மில்லி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறியும் குறையவில்லை என்பவர்கள் நிறையப் பேர். சாமை, வரகு, தினை எல்லாமே நூறு கிராமுக்கு 330 முதல் 350 கலோரி. அரிசியும் ஏறக்குறைய அவ்வளவே. நார்ச்சத்தால் வயிறு நிறையும், அதனால் அளவு குறைந்தால் பலன் உண்டு. ஆரோக்கியமானது என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் பலன் இல்லை. சமைக்கும் முன் ஆளுக்கு எத்தனை கிராம் என்று ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பாருங்கள், கை அளவு எவ்வளவு ஏமாற்றுகிறது என்று தெரியும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை லேபிளில் போட்டுக் கொள்ளுப் பொடி விற்கிறார்கள். கொள்ளில் நல்ல புரதம் இருக்கிறது, கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை.

இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளுக்கு நான்கு டீ என்றால் சர்க்கரை மட்டும் 160 கலோரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 30 கிராம், 170 கலோரி. நடையில் செலவாவதோ நாம் நினைப்பதைவிடக் குறைவு. 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 140 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 40ஐக் கழித்தால் நூறுதான். நடந்து முடித்து டீக்கடையில் ஒரு வடை சாப்பிட்டால் அதோடு சரி. நடையை விட்டுவிடச் சொல்லவில்லை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது அவசியம். எடை குறைவது மட்டும் பெரும்பாலும் தட்டிலிருந்துதான்.

உண்மையிலேயே உடலுக்குள் காரணம் இருப்பவர்களும் உண்டு. ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, ஓலன்சபின், வால்ப்ரோயேட், பியோகிளிட்டசோன், இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவால் கூடுவது பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, டீ காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, கால்சியம், இரும்பு மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட்டாலே பலருக்கு டி.எஸ்.எச். (இரத்தப் பரிசோதனையில் தைராய்டு நிலையைக் காட்டும் எண்) சரியான அளவுக்கு வந்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போவது, பலத்த குறட்டையோடு பகலில் தூங்கி விழுவது, வயிற்றில் அகலமான ஊதாநிறக் கோடுகள், இவை இருந்தால் சென்டருக்கு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

நாளுக்கு 400, 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ தயிரோ இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்தால் தசை கரையாது. காலையில் கழிவறை போய் வந்த பிறகு, ஒரே மெஷினில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாயை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ நீர் கூடுவது இயல்பு. எடை குறைப்புக்கான செமாகுளூட்டைட், டிர்செப்படைட் ஊசிகள் உண்மையில் வேலை செய்பவை. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்து, மருந்துக் கடையில் பில்லோடு, குளிர்ச்சி குலையாமல் வாங்க வேண்டியவை. பெட்டியும் பேட்ச் எண்ணும் இல்லாமல் பியூட்டி பார்லரில் போடும் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள்.

பேக்கேஜை ஈஎம்ஐயில் போடுகிறோம் என்றால் ஓடிபி சொல்லும் முன் நிதானியுங்கள். அது சென்டரிடம் கட்டும் தவணை அல்ல, உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் கடன். பணம் மொத்தமாகச் சென்டருக்குப் போய்விடும். நீங்கள் போவதை நிறுத்தினாலும் தவணை நிற்காது, தவணை கட்டுவதை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். டிஜிட்டல் கடன் என்றால், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேறலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீது, சார்ட், மெஷின் சீட்டுகள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், டப்பா எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் சென்டருக்கு எழுத்தில், 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லின் கீழே 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. பவுடரில் சந்தேகம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், கேப்சூலால் உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் 1800 180 3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவியுங்கள். பாதி காலியான டப்பாவாக இருந்தாலும் மூடி போட்டு, பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.