கீரிமலைக் கேணியா, ஹொட்டேல் தடாகமா?

மகனுக்கு நீச்சல் பழக்க எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது மூன்று இடங்கள் அடிபட்டன: காரைநகர் கசூரினா கடற்கரை, யாழ்ப்பாண நகரில் ஒரு ஹொட்டேல் தடாகம், கடலோரத்து ஊற்றுக் கேணி இருக்கிற கீரிமலை. இப்போது கீரிமலைக்குத்தான் போகிறோம். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கசூரினாவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆழம் குறைவு, பிள்ளைகள் விளையாட நல்ல இடம். ஆனால் நீச்சல் பழகுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சுவர் வேண்டும்.

ஹொட்டேல் தடாகத்தில் வசதிக்குக் குறைவில்லை, உதைப்பது பராமரிப்புத்தான். 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்று வையுங்கள், ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலே 360 லீற்றர் போய்விடும். வடிகட்டி கழுவுகிற தண்ணீர் வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகிவிடும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம், தடாகத்தின் ஓட்டில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைப் படை கட்டும். காரத்தன்மை ஏறினால் குளோரீனின் வீரியம் குறையும், அதை இறக்க அமிலம் ஊற்ற வேண்டும். இந்தச் செலவெல்லாம் கடைசியில் நுழைவுக் கட்டணத்தில்தான் வந்து நிற்கும்.

கீரிமலையிலும் அதே மழைத்தண்ணீர்தான். சுண்ணக்கல் வெடிப்புகள் வழியாகத் தானாகவே வந்து ஊறுகிறது, மிஞ்சுவது கடலுக்குப் போகிறது. மோட்டர் இல்லை. சிட்னியில் இருக்கிற மச்சான், கடலோரப் பாறையில் கட்டிய தடாகங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார். 1929இல் வந்த பொண்டைத் தடாகம் அதில் பேர்போனது. அங்கே வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குகிற உயரம், 2 மீற்றரை நெருங்கும், அலையும் மதிலுக்கு மேலால் வந்து விழும். அப்படியிருந்தும் வியாழக்கிழமைகளில் தண்ணீரை வடித்துக் கழுவுகிறார்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. அதுபோல ஒன்றை இங்கே கட்டினால் தண்ணீர் தேங்கி நாறும். கீரிமலையில் கடல் செய்யாத வேலையை ஊற்று செய்கிறது, என் முடிவுக்குக் காரணமும் அதுதான்.

சரி, அதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குளோரீன் இல்லாத தண்ணீரில் வெயில் பட்டால் பாசி பிடிக்கத்தானே செய்யும்? மேலே இருக்கிற படி காய்ந்து சொரசொரப்பாக இருக்கும், தண்ணீருக்குள் இருக்கிற படியில் குதிக்காலை வைத்தவுடன் வழுக்கும். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, கையால் கரையைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். மகனையும் படியை விட்டு விலக விடுவதில்லை, நடுவில் ஆழம். சவர்க்காரம் போட்டுக் குளிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊற்று அழுக்கைத் தள்ளும் என்றாலும் அதற்கும் நேரம் வேண்டாமா? ஆடி அமாவாசைக்கு வருகிற சனத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அந்த நாட்களில் நீந்துவதற்குப் போகாதீர்கள்.

பெருமழைக்குப் பிறகும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுகிறேன். சுண்ணக்கல் வெடிப்பு தண்ணீரை வடிகட்டாது, மேலே கிடக்கிற தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் விறுவிறென்று கீழே இறங்கிவிடும். நான் பார்ப்பது ஒன்றுதான்: கீழ்ப்படி கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அன்றைக்குக் குளிப்பு இல்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று மனைவி சொல்வதும் நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெண்கள் கேணி தனியாக, சுற்றி மதில் எழுப்பியது. மனைவி போய்வந்து சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்: மறைவு நல்லது, கையை வீசி நீந்த இடம் போதாது. மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளுக்கு நான்தான் பழக்குவது என்றால் கீரிமலை சரிவராது, ஹொட்டேலுக்குக் காசு கட்டத்தான் வேண்டும்.