"படியே இல்லண்ணே" என்றார்கள், அட்வான்ஸைக் கொடுத்தேன்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கம் வாடகை வீடு தேடும் சக்கர நாற்காலிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருஷம் ஆகிறது. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு வர எண்பத்திரண்டு படி. கிளினிக் நாளில் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மழை நாளில் அவர்களைக் கூப்பிடவே கூச்சமாக இருக்கும். அதனால்தான் டவுன் பக்கம் வீடு பார்த்தேன். எனக்கு வருமானம் என்றால் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுதான். 2025 பட்ஜெட்டில் அதை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். மிச்சத்தைக் கொழும்பில் வேலை செய்யும் தங்கை அனுப்புகிறாள். "அரசாங்கக் காசுலயா வாடகை குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் புரோக்கர் வந்தார். "ரோட்டோரம்ணே, படியே இல்ல. சைக்கிள மிதிச்சுக்கிட்டே உள்ள போகலாம்." போனில் படமும் அனுப்பினார். வாடகை 15,000, ஆறு மாத அட்வான்ஸ் 90,000. தங்கையின் சீட்டுக்காசு முழுவதும் அதில் போனது.

போய் இறங்கினால், ரோட்டு மட்டத்தில் இருந்தது வாசல் கேட்டு மட்டும்தான். நம் ஊரில் வீடு எப்படிக் கட்டுவார்கள் என்று தெரிந்தும் ஏமாந்தேன். சரிவை வெட்டித்தானே அத்திவாரம் போடுவார்கள். கேட்டுக்கு அந்தப்பக்கம் மூன்று படி கீழே முற்றம். படத்தை ரோட்டில் நின்று எடுத்திருக்கிறார்கள், அதில் படி தெரியாது. உள்ளே போனால் பாத்ரூம் கதவு 24 அங்குலம், என் நாற்காலி 26.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினார். "தம்பி, ஒரு சரிவு போட்டுத் தாறேன், சிமெந்துக் காசு மட்டும் குடுங்க." கொடுத்தேன், 28,000. ரசீது கேட்கவில்லை. மூன்று படி என்றால் இரண்டு அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு, அப்படியானால் 24 அடி வேண்டும். அவர் போட்டது ஆறடி. அதில் ஏறுவதற்கு அம்மா பின்னால் தள்ள வேண்டும், இறங்கும்போது அம்மா பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வயது அறுபத்துமூன்று. மே மாதம் மழை பிடித்ததும் சிமெந்தில் பாசி ஏறியது. ஒரு நாள் இருவருமே சுவரில் போய் மோதினோம்.

பாத்ரூம் கதவு கடைசி வரை மாறவே இல்லை. எப்படிச் சமாளித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

இன்னொன்று, வீட்டுக்காரர் வாடகைக்கு உத்தரவாதம் என்று என் பேங்க் கார்டையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுப்பனவு விழுந்த அன்றே எடுத்துவிடுவார். கரண்ட் பில் என்றும் தண்ணீர் பில் என்றும் கணக்கு ஏறிக்கொண்டே போனது. தயவுசெய்து கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். வாடகையை நீங்கள் கையால் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள்.

குடிவந்த ஐந்தாம் மாதம், "மகன் கல்யாணம் முடிச்சு வாறான், வீட்ட விடுங்க" என்றார். நான் ஒரு வருஷத்து ஒப்பந்தத்தைக் காட்டினேன். கடையில் வாங்கிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது என்று அப்புறம்தான் ஒரு வழக்கறிஞர் சொன்னார். 1996இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். அதன் கீழ் 2006இல் வந்த அணுகு வசதி விதிகள் பொதுக் கட்டிடங்களுக்கானவை, வாடகை வீட்டுக்காரரை அவை ஒன்றும் செய்யாது என்றார்.

கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள். அட்வான்ஸில் 45,000 திரும்பி வந்தது. சரிவுக்குக் கொடுத்த காசுக்குத் தாள் இல்லை, அதனால் அது போனது போனதுதான்.

வீடு பார்க்கப் போகும்போது படத்தை நம்பாமல் நாற்காலியோடு போங்கள், கையில் ஒரு அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமுக்குள் போய்த் திரும்பி வெளியே வந்த பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள். எல்லாம் மழை பெய்யும் நாளாகப் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

மகன் யாரும் குடிவரவில்லை. போன வாரம் அதே வீட்டை 22,000 வாடகைக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள், "சக்கர நாற்காலி போக வசதி உண்டு" என்று. படத்தில் நீலத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிமெந்துச் சரிவு தெரியும். அது என் காசில் போட்டது.