ரோஸ் சிட்டி ரோலர்ஸ் ஆட்டம்: நட்சத்திரத்தை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் பக்கம் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை நாளும் ஓக்ஸ் பார்க் என்றால் எனக்கு ராட்டினம், பஞ்சு மிட்டாய், யாராவது ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பார்ட்டி, அவ்வளவுதான். அதே பார்க்கில் ஹேங்கர் என்ற கட்டடத்தில் காலில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு மோதும் ரோலர் டெர்பி ஆடுகிறார்கள், அதை நடத்தும் ரோஸ் சிட்டி ரோலர்ஸ் லீக்கின் முதன்மை அணி 2015, 2016, 2018, 2019 ஆண்டுகளில் சர்வதேசச் சாம்பியன் பட்டம் வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லித்தான் தெரியும். அவள் அங்கே பெனால்டி எழுதும் வாலண்டியர். "ஒரு தடவை வந்து பாரு, பிடிக்கலன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டேன்" என்றாள். சரி என்று ஒரு சனிக்கிழமை மாலை நான், பதினொரு வயது மகள், ஆறு மாத விசாவில் திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்த அம்மா, மூன்று பேரும் செல்வுட் பாலம் ஏறிப் போனோம்.

போவதற்கு முன்னால் என் மனதில் இருந்தது டிவியில் காட்டும் மல்யுத்தம் மாதிரி ஏதோ ஒன்று. கலர் கலராக உடை, வேடிக்கையான பெயர், ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தள்ளுவது. பெயர் மட்டும்தான் அப்படி. பிரேக் நெக் பெட்டீஸ், கன்ஸ் அண்ட் ரோலர்ஸ், ஹார்ட்லெஸ் ஹெதர்ஸ், ஹை ரோலர்ஸ் என்று உள்ளூரிலேயே நான்கு அணிகள், அவர்களுக்குள் ஒரு சீசன். வெளியூர் அணிகளோடு மோதுவதற்கு வீல்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் என்று தனியாக ஒரு அணி. ஆடுகிற பெண்களும் ஆளுக்கொரு டெர்பி பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் களத்தில் நடப்பதில் நடிப்பு ஒரு துளி கூட இல்லை. எங்களுக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பெண் தோள்பட்டையில் வாங்கிய இடியில் மூச்சு வெளியேறிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது. அடுத்த நொடி முழங்கால் பேடைத் தரையில் சர்ரென்று தேய்த்துக்கொண்டே எழுந்து மறுபடி ஓடினாள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் வீணாகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. தரையில் நீள்வட்டமாகக் கோடு போட்ட தடம். ஒரு அணிக்கு ஐந்து பேர் உள்ளே: நான்கு பிளாக்கர், ஒரு ஜாம்மர். ஜாம்மரின் ஹெல்மெட் மேல் நட்சத்திரம் போட்ட துணி உறை இருக்கும். விசில் அடித்ததும் இரண்டு அணி ஜாம்மர்களும் பிளாக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போகவேண்டும். முதல் தடவை கடந்தால் பாயிண்ட் இல்லை. ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி கடக்கும்போதுதான் எதிரணி பிளாக்கர் தலைக்கு ஒன்று என்று நான்கு பாயிண்ட் வரை கிடைக்கும். இப்படி அதிகபட்சம் இரண்டு நிமிடம் ஓடுவது ஒரு ஜாம். முப்பது விநாடி இடைவெளி, அடுத்த ஜாம். அரை மணி நேரம் இப்படி, இடைவேளை, மறுபடி ஒரு அரை மணி நேரம். ஸ்கோர் நூறைத் தாண்டுவது சாதாரணம்.

இதையெல்லாம் நான் போனில் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஐந்தாவது ஜாமிலேயே சொல்லிவிட்டார்: "ஏண்டி, இது நம்ம சடுகுடுதானே. நட்சத்திரம் போட்டவ பாடிப் போறவ. மத்தவங்க பிடிக்கிறவங்க."

அம்மா கூடப் பிறந்த மாமா ஒரு காலத்தில் ஊர்த் திருவிழாவில் சடுகுடு ஆடியவர், அதனால் அம்மாவுக்கு அந்தக் கண் உண்டு. அதற்கு அப்புறம் எனக்கும் புரிய ஆரம்பித்தது. நம் ஊர்க்காரர்கள் யார் போனாலும் இந்த வழியாகவே உள்ளே நுழைந்துவிடலாம். எல்லோரும் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், வேகமாக ஓடுவது அவள்தான் என்பதால். கபடியில் ரைடரை மட்டும் பார்க்கிறவன் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறான், மூலையில் நிற்கிறவன் காலைப் பார்க்கிறவன்தான் முழுசாகப் பார்க்கிறான், இல்லையா? அதே மாதிரி இங்கே சுவரைப் பார்க்கவேண்டும். மூன்று பிளாக்கர்கள் இடுப்பைத் தாழ்த்தி, தோளோடு தோள் ஒட்டி, பின்னால் முட்டிக்கொண்டிருக்கும் ஜாம்மருக்கு முதுகைக் காட்டியபடி, அவள் இடது பக்கம் ஒரு அடி நகர்ந்தால் இவர்களும் ஒரு அடி நகர்வதைப் பாருங்கள். திரும்பிப் பார்ப்பதே இல்லை, முதுகில் படுகிற அழுத்தத்தை வைத்தே கணிக்கிறார்கள். நான்காவது ஆள் முன்னால் இவர்களைப் பார்த்து நின்று, தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே இருப்பாள். "உள்ளே, உள்ளே, வெளியே!" எட்டு சக்கரத்தின் மேல் நின்றுகொண்டு, அதுவும் நடை வேகத்தில், இதைச் செய்கிறார்கள்.

சடுகுடுவில் கை கோத்துச் சங்கிலி போடுவோமே, அது இங்கே தப்பு. இரண்டு பேர் கை கோத்து வழியை அடைத்தால் பெனால்டி. தலையில் இடிக்கக்கூடாது, முதுகில் மோதக்கூடாது, தொடையின் பாதிக்குக் கீழே இடிக்கக்கூடாது, முழங்கையை வீசக்கூடாது. தோள், நெஞ்சு, இடுப்பு, இவ்வளவுதான் ஆயுதம். தப்பு செய்தவள் முப்பது விநாடி நாற்காலியில் உட்காரவேண்டும், ஏழு பெனால்டி ஆகிவிட்டால் அவளுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஜாம்மரே நாற்காலிக்குப் போய்விட்டால் அந்த முப்பது விநாடி எதிரணிக்குக் கொண்டாட்டம், அவர்கள் மட்டும்தான் பாயிண்ட் எடுக்க முடியும்.

அம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "வெளிய தள்ளிவிட்டவ ஏன் பின்னாடி ஓடுறா? ஜெயிச்சவதானே முன்னாடி போகணும்?" நிஜமாகவே ஒருத்தி ஜாம்மரைக் கோட்டுக்கு வெளியே இடித்துத் தள்ளிவிட்டு, தடத்தில் எதிர்த்திசையில் பின்பக்கமாக விறுவிறுவென்று உருண்டு போனாள். வெளியே விழுந்தவளும் எழுந்து அவள் பின்னாலேயே திரும்பிப் போனாள். இடைவேளையில், எங்களைக் கூப்பிட்ட அந்தத் தோழியிடம் கேட்டேன். வெளியே தள்ளப்பட்டவள், தன்னைத் தள்ளியவளுக்குப் பின்னால்தான் மறுபடி உள்ளே வரலாம், முன்னால் வந்தால் பெனால்டி. அதனால் தள்ளியவள் எவ்வளவு தூரம் பின்னால் போகிறாளோ அவ்வளவு தூரம் ஜாம்மரும் திரும்பி வந்தாகவேண்டும், கஷ்டப்பட்டுக் கடந்த சுவரை மறுபடி முதலில் இருந்து கடக்கவேண்டும். இது தெரிந்தபின் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. இடிப்பது பெரிசில்லை, இடித்த அடுத்த இரண்டு விநாடியில் எங்கே போய் நிற்கிறாய் என்பதுதான் மூளை.

விசிலையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாம் தொடங்கச் சின்னதாக ஒன்று, முதலில் கூட்டத்தைச் சுத்தமாகக் கடந்த ஜாம்மருக்கு லீட் கிடைத்தால் இரண்டு, பெனால்டிக்கு நீளமாக ஒன்று, ஜாம் முடிந்தால் நான்கு. லீட் கிடைத்தவள் எப்போது வேண்டுமானாலும் இரண்டு கையாலும் இடுப்பைத் தட்டி ஜாமை நிறுத்தலாம். நான்கு பாயிண்ட் எடுத்துவிட்டு, எதிராளி ஜாம்மர் பாயிண்ட் எடுக்க வருவதற்குள் தட்டிவிடுவாள். தொட்டுவிட்டு ஓடி வந்து கோட்டைத் தொடுகிற மாதிரிதான்.

அன்று நான் பார்த்ததில் மறக்கவே முடியாதது இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் நடந்தது. ஒரு ஜாம்மர் சுவரில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நகர முடியவில்லை. முகமெல்லாம் வியர்வை, மவுத்கார்டைக் கடித்துக்கொண்டு முட்டுகிறாள், தள்ளுகிறார்கள், மறுபடி முட்டுகிறாள். திடீரென்று தலையில் இருந்த நட்சத்திர உறையைக் கழற்றி, எதிரணிக்காரியின் இடுப்புக்கும் தன் தோளுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டு நீட்டினாள். முன்னால் கோடு போட்ட உறையோடு நின்ற அவள் அணி பிவட் (நட்சத்திரத்தை வாங்கி ஜாம்மராக மாறக்கூடிய ஒரே பிளாக்கர்) பின்பக்கமாகவே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே தலையில் மாட்டினாள். உறை கைமாறிய கணத்தில் இருந்து அவள்தான் ஜாம்மர். ஹேங்கர் முழுக்க எழுந்து நின்று கத்தியது, அம்மா உட்பட.

பணத்துக்கு மதிப்பா என்று கேட்டால், ஆமாம், சந்தேகமே இல்லாமல். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து இந்தத் தரத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்ப்பது வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு வாய்த்ததில்லை. 2011 முதல் 2014 வரை நான்கு வருடம் தொடர்ந்து பட்டத்தை வைத்திருந்த நியூயார்க் கோத்தம் அணியிடம் இருந்து 2015இல் அதைப் பறித்தது இந்த ஊர் லீக். அப்படிப்பட்டவர்கள் ஆடுவதை நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்க்கிறீர்கள்.

குறை என்று சொன்னால், அது விளையாட்டின் குறைதான். விதிகள் அதிகம், புதிதாக வருகிறவருக்குப் பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அணிகள் ரெஃப்ரி முடிவை மறுபரிசீலனை கேட்டால் கடிகாரம் நிற்கும், பத்துப் பேர் நடுவில் கூடிப் பேசுவார்கள், சூடாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அப்படியே ஆறிப்போகும். கபடியை ஒரு நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியவைத்துவிடலாம், இதை முடியாது.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையும் தெரிந்திருக்கவேண்டும். ரோலர் டெர்பி 1935 ஆகஸ்டில் சிகாகோவில் தொடங்கியது. தொடங்கிய லியோ செல்ட்சர் அதற்கு முன் இதே ஓரிகனில் சினிமா தியேட்டர் நடத்தியவர். அப்போது அது ஆண் பெண் ஜோடிகள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும் தாங்கும் திறன் போட்டி, மோதல் எல்லாம் பிறகு சேர்ந்தது. டிவியில் பெரிதாக ஓடி, 1973இல் செல்ட்சர் குடும்பத்தின் டெர்பி மூடப்பட்டது. 2001இல் டெக்சாஸ் ஆஸ்டினில் சில பெண்கள் அதைத் திரும்பத் தொடங்கினார்கள். விரைவிலேயே, நடத்துகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் ஒத்துப்போகாமல், ஆடுகிறவர்களே சொந்தமாக லீக் நடத்துவது என்று ஒரு பிரிவு கிளம்பியது. 2004இல் பல ஊர் லீக்குகள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்புதான் இன்று டபிள்யூஎஃப்டிடிஏ என்கிற சர்வதேசச் சங்கம். ரோஸ் சிட்டி பிறந்ததும் அதே 2004இல்தான்.

ஆடுகிறவர்களே நடத்துவது என்றால் என்ன என்று அன்று நேரில் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் என் கண் முன்னால் மூன்று முறை விழுந்து எழுந்த பெண், இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது ஈரத் தலையோடு, முழங்கையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, டீ-ஷர்ட் விற்கும் மேஜைக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த விளையாட்டில் உள்ளூர் லீக்குகளில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் அவர்கள்தான் மாதச் சந்தா கட்டுகிறார்கள். பகலில் நர்ஸ், டீச்சர், என்னைப் போல ஆபீஸ் வேலை. அந்த மேஜையில் ஒரு டீ-ஷர்ட் வாங்காமல் என்னால் நகர முடியவில்லை.

மகளுக்கு அன்றே ஆசை வந்துவிட்டது. சிறுவர்களுக்கு ரோஸ்பட்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கிறது. புதிதாக வரும் பெரியவர்களுக்கும் பயிற்சி உண்டு, முதலில் சொல்லித்தருவது ஒழுங்காக விழுவது எப்படி என்றுதான். இங்கே நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். ஆன்லைனில் ஏதோ ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஹெல்மெட், முழங்கால் பேடு, மணிக்கட்டு கார்டு எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினேன். வீட்டு கராஜில் மகள் விழுந்த முதல் விழுதலிலேயே பேடின் பிளாஸ்டிக் மூடி பிய்த்துக்கொண்டு ஒரு பக்கம் போனது, முழங்கால் சிமெண்டில் உரசித் தோல் போயிற்று. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அப்புறம் தோழி சொல்லி 187 கில்லர் பேட்ஸ் வாங்கினோம். பார்க்கத் தலையணை மாதிரி தடியாக இருக்கும், விலையும் கூடுதல், ஆனால் அதில் மண்டியிட்டு விழுந்துவிட்டு மகள் சிரிக்கிறாள். ஸ்கேட்டில் மிச்சம் பிடித்தாலும் முழங்காலில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்கேட் வாங்கும்போது முன்னால் இரண்டு பின்னால் இரண்டு சக்கரம் உள்ள குவாட் வேண்டும், வரிசையாகச் சக்கரம் வைத்த இன்லைன் டெர்பிக்கு ஆகாது.

போகிறவர்களுக்கு: டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பிள்ளைகளோடு போனால் தடத்தின் ஓரத்துத் தரையில் உட்காரவேண்டாம், ஆள் உருண்டு வந்து மேலே விழக்கூடிய இடம் அது. பெஞ்சில், வளைவுக்குப் பக்கமாக உட்காருங்கள். வளைவில்தான் ஜாம்மர்கள் டோ-ஸ்டாப்பில், அதாவது ஸ்கேட்டின் முன்நுனியில் இருக்கும் ரப்பர் கட்டையில், நாலு எட்டு ஓடி, உள்கோட்டின் மூலையை ஒரே தாவாகத் தாவி மறுபக்கம் இறங்குவார்கள். கொஞ்சம் சீக்கிரம் போனால் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்கேட்டிங் ரிங்கையும் எட்டிப் பாருங்கள். பார்க் திறந்தது 1905இல். 1948 வெள்ளத்துக்கு அப்புறம் அந்த ரிங்கின் மரத்தளத்தைக் காற்றடைத்த பீப்பாய்கள் மேல் அமைத்தார்கள், வில்லமெட் ஆறு பெருகி வந்தால் தளம் மிதக்கும்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் வீடியோ காலில் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், தள்ளிவிட்டவள் ஏன் பின்னால் ஓடுகிறாள் என்று. மாமா நம்பவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போகிறோம், அந்த இடத்தை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டுமாம்.