தாமிரபரணித் தண்ணீரும் மடிப்பாக்கம் போர்த் தண்ணீரும்: இரண்டு வருடத் துணி டயப்பர் அனுபவம்

மகள் பிறந்தது 2023 மே மாதம், பாளையங்கோட்டையில், மனைவியின் அம்மா வீட்டில் இருந்தபோது. துணி டயப்பர் கட்டத் தொடங்கியது அவளுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது. கடைசியாகக் கழற்றியது 2025 ஜூலையில். இடைப்பட்ட இரண்டு வருடமும் துவைத்தவன் நான். பால் கொடுப்பது மனைவி, துணி துவைப்பது நான் என்று பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். அதனால் இது டயப்பரைப் பற்றிய விமர்சனம் என்பதைவிடத் துவைத்தவனின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

முதல் ஆறு வாரம் டயப்பரே இல்லை. மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அத்தை முப்பது லங்கோடு தயாராக வைத்திருந்தார். முக்கோணமாக மடித்து, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் செருகிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு மூச்சாவுக்கும் மாற்ற வேண்டும்; ஒரு நாளைக்கு இருபது வரை போகும். ஆனால் வருகிற ஈரம் கொஞ்சம்தான், தோலுக்குக் காற்றும் கிடைக்கிறது, துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. பிறந்த குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பச்சைக் குழந்தைக்கென்றே தனி அளவில் விற்கும் குட்டி டயப்பர்களை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

நான் கொல்லைப்புறத்தில் வாளியோடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் அத்தைக்குச் சங்கடம். "மாப்ள, நீங்க என்னத்துக்கு இதெல்லாம் தொடுதிய? வையுங்க, நான் அலசுதேன்" என்று வாளியைப் பிடுங்கப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலைதான் பாதி. பத்து நாளில் பழகிவிட்டது. அப்புறம், காயப்போட்டதை ஆறு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். பொழுது சாய்ந்த பிறகு குழந்தைத் துணி வெளியே கிடந்து அதன் மேல் பறவை பறந்தால் பட்சி தோஷமாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பனியில் மறுபடி ஈரமாகாமல் துணி நேரத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஒன்றரை மாதத்தில் பாக்கெட் வகை டயப்பருக்கு மாறினோம். வெளிப்பக்கம் தண்ணீர் விடாத பூச்சு கொண்ட துணி, உள்பக்கம் மெத்தென்ற ஃப்ளீஸ், இரண்டுக்கும் நடுவில் பை. அந்தப் பைக்குள் ஈரம் உறிஞ்சும் இன்சர்ட்டைச் செருகுகிறோம். முன்பக்கம் வரிசையாக டிச் பட்டன்கள். குழந்தை வளர வளர அதற்கேற்றபடி மாட்டிக்கொள்ளலாம். முதலில் ஆறு வாங்கி, பிறகு பதினெட்டு ஆக்கினோம். நம் ஊர் நிறுவனங்களின் தயாரிப்புகள்தான், சராசரியாக ஒன்று 450 ரூபாய். கூடுதல் இன்சர்ட்டுகளுக்கு இன்னொரு 2,500 போனது.

எந்த இன்சர்ட் வாங்கலாம் என்பதுதான் பலரும் என்னிடம் கேட்டது. மைக்ரோஃபைபர் விலை மலிவு, சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் குடித்ததைக் கக்கிவிடும். தோலிலிருக்கும் ஈரப்பசையையும் இழுத்துவிடும் என்பதால் நேரடியாகத் தோலில் படவும் கூடாது. ஹெம்ப் எனப்படும், சணல் போன்ற நார்த் துணி மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் நிறையப் பிடித்து வைக்கும், காய்வதற்கு ஒரு பகல் எடுக்கும். மூங்கில் நாரில் நெய்தது இரண்டுக்கும் நடுவில். கடைசியில் நான் நிலைத்தது மேலே மூங்கில், அடியில் ஹெம்ப். பெண் குழந்தைக்கு நடுப்பகுதியில்தான் ஈரம் சேரும், பையனுக்கு முன்பக்கம். இன்சர்ட்டை மடித்து அந்த இடத்தைக் கனமாக்க வேண்டும் என்பது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

புதிதாக வாங்கிய பருத்தி, ஹெம்ப், மூங்கில் துணிகளை நேராகக் கட்டிவிட்டு, உறிஞ்சவே இல்லை என்று திட்டாதீர்கள். நாரிலேயே இருக்கும் எண்ணெய்ப்பசை போக ஐந்தாறு முறையாவது துவைக்க வேண்டும். எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் தினமும் குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் குளியல். குளிப்பாட்டிய பிறகும் இடுப்பு மடிப்பில் கொஞ்சம் பூசிவிடுவார் அத்தை. அந்த எண்ணெய் ஃப்ளீஸில் இறங்கி, மூச்சா உள்ளே போகாமல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு தொடை வழியாக வெளியேறியது. டயப்பர் மட்டமானது என்றே நினைத்தோம். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கையால் தேய்த்து, வெந்நீரில் அலசியதும் சரியானது. எண்ணெய் பூசிய அன்று மேலே ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டுக் கட்டினால் போதும்.

இன்னொரு கசிவுக்குக் காரணம் அரைஞாண். டயப்பரின் கால் எலாஸ்டிக்குக்கு உள்ளே அந்தக் கயிறு மாட்டிக்கொண்டால் ஒரு சின்ன இடைவெளி விழும். அது போதும். கயிறு டயப்பருக்கு மேலே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எந்த வெளிநாட்டு வீடியோவிலும் இதைச் சொல்லித்தரப் போவதில்லை.

இவ்வளவும் பாளையங்கோட்டைக் கதை. அங்கே வீட்டுக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். சோப்புப் பவுடர் ஒரு கரண்டி போட்டால் வாளி நிறைய நுரை. காய்ந்த இன்சர்ட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். வேலை பெரிதாகத் தெரியவில்லை. இதற்குப் போயா எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

செப்டம்பரில் சென்னை மடிப்பாக்கம் வந்தோம். அதே டயப்பர், அதே பவுடர், அதே கை. இங்கே போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவது வாரம் இன்சர்ட்டுகள் அப்பளமாகிவிட்டன. மடித்தால் மடக்கென்று சத்தம் வராததுதான் குறை. அடுத்துக் கசிய ஆரம்பித்தது. அதற்கடுத்து நாற்றம். துவைத்துக் காய்ந்த துணியில் எதுவும் தெரியாது. குழந்தை ஒரு முறை மூச்சா போனதும் கண்ணை எரிக்கிற மாதிரி அமோனியா நெடி கிளம்பும். நவம்பரில் குழந்தைக்கு இடுப்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. மருத்துவர் நான்கு நாள் எதையும் கட்டாமல் காற்றாட விடச் சொன்னார். வீடு முழுக்க ஈரம்.

நடந்தது இதுதான். எங்கள் போர்த் தண்ணீர் கடின நீர்; அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பவுடரில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதிப் பவுடர் அழுக்கை முழுதாக எடுக்கப் போதாது. உப்பும் அழுக்கும் நாருக்குள் படிந்து தங்கிவிடும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா, புதிதாக வரும் மூத்திரத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. போதாக்குறைக்கு நான் டயப்பர் அட்டையில் போட்டிருந்தபடி பவுடரை அரைக் கரண்டிதான் போட்டுக்கொண்டிருந்தேன். பவுடர் அதிகமானால் துணி கெட்டுவிடும் என்று எழுதியிருந்தது. நல்ல தண்ணீருக்கு அது சரியோ என்னவோ, எங்கள் தண்ணீருக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. வாசனைக்காகக் கண்டிஷனரும் ஊற்றியிருந்தேன், அது இன்னும் மோசம். அது துணியில் வழவழப்பாக ஒரு பூச்சு பூசி உறிஞ்ச விடாமல் செய்துவிடுகிறது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, வாஷிங் மெஷினும் இல்லை. கையிருப்பில் இருந்த தூக்கிப் போடுகிற டயப்பர் ஒரே நாளில் தீர்ந்தது. பரணிலிருந்து அத்தையின் லங்கோடு மூட்டை இறங்கியது. மொட்டைமாடியிலிருந்து மழைநீர்த் தொட்டிக்கு இறங்கும் குழாயின் அடியில் ஒரு டிரம்மை வைத்து, அந்தத் தண்ணீரில் கையால் துவைத்தேன். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் அது. டயப்பர் துவைக்க உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

லங்கோட்டில் நுரை பொங்கியதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. இது பாளையங்கோட்டை நுரை. கேஸ் அடுப்பில் மழைத்தண்ணீரைச் சுடவைத்து, பவுடர் ஒன்றரைக் கரண்டி போட்டு, எல்லா இன்சர்ட்டையும் ஐந்து மணி நேரம் ஊறவிட்டேன். தண்ணீர் கஞ்சி போலக் கலங்கிப் பழுப்பானது. இரண்டு முறை அலசினேன். காய்வதற்கு நான்கு நாள் ஆனது, அது வேறு துன்பம். கரண்ட் வந்து மின்விசிறி ஓடிய பிறகுதான் முழுதாகக் காய்ந்தது. ஆனால் கையில் எடுத்தபோது துணி மறுபடி துணியாகியிருந்தது. நெடி போனது. கசிவும் நின்றது.

மழைத்தண்ணீர் எப்போதும் கிடைக்காது என்பதால் அதற்குப் பிறகு ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டேன். கழற்றியவுடன் இன்சர்ட்டைப் பையிலிருந்து உருவி, கழிவறை பீச்சுக்குழாயில் அடித்து அலசிவிடுவேன். வெளிநாடுகளில் டயப்பர் ஸ்ப்ரேயர் என்று தனிச் சாமானாக விற்பது நம் வீடுகளில் ஏற்கனவே சுவரில் தொங்குகிறது! வாளியில் ஊறப்போடுவதில்லை. ஊறினால் எலாஸ்டிக் தளரும், நாற்றம் கூடும், சென்னையில் கொசுவும் முட்டையிடும். ஓட்டைக் கூடையில் போட்டு வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷின். முதலில் பச்சைத் தண்ணீரில் கால் கரண்டிப் பவுடரோடு ஒரு குட்டிச் சுற்று. அந்தத் தண்ணீர் வெளியேறியதும், 40 டிகிரியில் முழுக் கரண்டிப் பவுடரோடு நீளமான சுற்று. தண்ணீரை மென்மையாக்கும் தூள் கொஞ்சம் சேர்ப்பேன். 60 டிகிரியைத் தாண்டினால் வெளித்துணியின் பூச்சு பிரியும். மெஷின் முக்கால் அளவாவது நிறைந்திருக்க வேண்டும், துணியோடு துணி உரசினால்தான் அழுக்குப் போகும். குறைவாக இருந்தால் துண்டுகளைச் சேர்த்துப் போடுவேன். நம் துணி துவைக்கிற மெஷினிலா இதைப் போடுவது என்று என் அம்மா ஒரு மாதம் முகம் சுளித்தார். ஆய் போன துணியைச் சுத்தமாக அலசிவிட்டுத்தான் போடுகிறேன் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு சமாதானமானார். கிருமிநாசினித் திரவம் எதுவும் நான் சேர்ப்பதில்லை.

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை மஞ்சள் கறைதான். அலசிய ஈரத்தோடு வெயிலில் போட்டால் மாயம் போல மறையும். ஆறு மாதத்துக்குப் பிறகு ராகிக் கூழும் பீட்ரூட்டும் வந்ததும் கஷ்டம் ஆரம்பம். வாழைப்பழம் கொடுத்த மறுநாள் கறுப்பு நூல் நூலாக வந்ததைப் பார்த்துப் புழு என்று பயந்து மருத்துவருக்கு போட்டோ அனுப்பியிருக்கிறேன். பழத்தின் நார்தான், எல்லாக் குழந்தைக்கும் வருமாம்.

தோற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்துக்குப் பிறகு இரவில் துணி தாங்கவில்லை. மூன்று இன்சர்ட் செருகியும் நான்கு மணிக்குப் பாய் நனைந்தது. அவளும் தலையணை கட்டிய மாதிரி புரள முடியாமல் கிடந்தாள். ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு, இரவுக்கு மட்டும் தூக்கிப் போடுகிற டயப்பருக்கு மாறினோம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போதும் அதுதான். ரயிலில் ஈரத் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரே அனுபவம் போதும்.

பணக் கணக்கு: பகலுக்கு ஐந்து டயப்பர், ஒன்று 12 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,800, இரண்டு வருடத்துக்கு 43,000 சொச்சம். துணிக்கு நாங்கள் செலவழித்தது பவுடர், கரண்ட் எல்லாம் சேர்த்து 18,000-க்குள். என் கூலியைச் சேர்க்கவில்லை. குப்பைக் கணக்கு வேறு. அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு விதிகள்படி டயப்பரைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்த வரையில் அது மற்ற குப்பையோடு சேர்ந்துதான் வண்டி ஏறியது. ஆனால் துணி என்றாலே பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்குத் தூக்கிப் போடும் வகையின் கார்பன் சுமை 550 கிலோ என்றும், வழக்கமான முறையில் துவைத்துக் காயவைக்கும் துணி வகைக்கு 570 கிலோ என்றும் கணக்கு வந்தது. மெஷினை நிரப்பி, கொடியில் காயப்போட்டு, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் 200 கிலோ குறையும் என்றார்கள். கொடியில் காயப்போடுவது நமக்குப் புதிதில்லை. அடுத்த குழந்தைக்குத்தான் துணி உயிரோடு இருக்க வேண்டும்.

பதினெட்டில் ஐந்துக்கு எலாஸ்டிக் போய்விட்டது. தெருமுனைத் தையல்காரர் ஒன்றுக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். இரண்டில் வெளிப்பூச்சு வெடித்துவிட்டது, அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. மீதிப் பதினாறையும் ஆகஸ்டில் மனைவியின் தங்கை குழந்தைக்காகப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினோம். போன மாதம் அத்தை போனில், "மாப்ள, இங்க ரெண்டு தடவ அலசினதும் பஞ்சு மாதிரி ஆயிட்டு" என்றார். மைக்ரோஃபைபர் இன்சர்ட் எட்டை மட்டும் நான் அனுப்பவில்லை. ஸ்கூட்டர் துடைக்க அதை அடித்துக்கொள்ள வேறு துணி கிடையாது.