பித்தப்பைச் சத்திரசிகிச்சை: திருகோணமலைத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் சேவை பற்றி

என் மாமியாருக்குப் பித்தக்கற்களால் பலமுறை அழற்சி ஏற்பட்டு அடங்கியிருந்ததால், பித்தப்பை சுருங்கி ஈரலோடு ஒட்டியிருக்கக்கூடும் என்று திருகோணமலை நகரிலுள்ள அந்தத் தனியார் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்ததுமே கூறினார். சம்மதப் படிவத்தில் கையொப்பம் பெறுமுன் அவர் எங்களோடு அமர்ந்து விளக்கிய விதத்தையே இச்சேவையின் முதற்சிறப்பாகக் கருதுகிறேன். சிறு துளைகள் வழியே செலுத்தும் கமரா மூலம் தொடங்குவதாகவும், உள்ளே வெட்ட வேண்டிய இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறக்கவோ பையின் ஒரு பகுதியை விட்டுவைக்கவோ நேரிடும் என்றும், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்றும் அவர் சொன்னார்.

கமராச் சிகிச்சையில் தவறான நாளம் வெட்டப்படாதிருக்க, எதையும் வெட்டுமுன் நிறைவேற வேண்டிய மூன்று நிபந்தனைகளை அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் 1995இல் வகுத்தனர். பித்தப்பைக் கழுத்தருகே உள்ள கொழுப்பும் நார்த்திசுவும் நீக்கப்பட வேண்டும். பையின் கீழ் மூன்றிலொரு பங்கு ஈரலிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பைக்குள் செல்பவை ஒரு நாளமும் (பித்தம் செல்லும் குழாய்) ஒரு நாடியும் (இரத்தக்குழாய்) மட்டுமே என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடும் அழற்சியில், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் இழுபட்டு, வெட்ட வேண்டிய நாளத்தைப் போலவே தோற்றமளிக்கும். அதை வெட்டிவிட்டால் நோயாளி மீண்டும் பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட நேரும்.

மாமிக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. ஆகவே நிபுணர் பையைத் திறந்து கற்களை அகற்றி, ஆபத்தான கழுத்துப் பகுதியைத் தொடாமல் விட்டு, வடிகுழாய் ஒன்றை வைத்து முடித்தார். பின்னர் குழாய் வழியே பித்தம் கசிந்தபோது, இவ்வகைச் சிகிச்சையில் அது எதிர்பார்க்கப்படுவதே என்பதை முன்னரே அறிந்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. குழாயைப் பராமரிக்கும் முறையைத் தாதியர் பொறுமையாகத் தமிழில் கற்பித்தனர். விடுதியும் சுத்தமாக இருந்தது.

குறைகளும் உண்டு. முதலில் தந்த கட்டண மதிப்பீடு இலகுவான கமராச் சிகிச்சைக்கு மட்டுமே உரியது. சிக்கல் நேர்ந்தால் எவ்வளவு கூடும் என்பதை எவரும் எழுதித் தரவில்லை. அதைவிடப் பாரதூரமானது, வீடு திரும்பும்போது தந்த அட்டையில் பித்தப்பை அகற்றப்பட்டதாக மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தமை. எஞ்சிய பகுதியில் மீண்டும் கல் தோன்றலாம் என்பதால், பிற்காலத்தில் வயிற்றுவலியோடு வேறிடம் சென்றால் அந்த ஒரு வரி வைத்தியரைத் தவறாக வழிநடத்தும். நாங்கள் சுட்டிக்காட்டியதும், ஒரு பகுதி விடப்பட்டதை மறுப்பின்றிச் சேர்த்து எழுதித் தந்தார்கள். அங்கு செல்வோர், மதிப்பீட்டை இரு நிலைகளுக்கும் எழுத்தில் கேட்டுப் பெறுவதோடு, அட்டையை வாசித்துப் பார்த்த பின்னரே வெளியேறுவது நல்லது.