கொரியத் தொடரா, ஜப்பானியத் தொடரா? ஒரே கதையை இரண்டிலும் பார்த்த பிறகு

மூன்று வருடமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நான் பெரும்பாலும் ஜப்பானியத் தொடர்கள்தான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் முழுக்கக் கொரியத் தொடர்கள்தான். 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வை இரண்டு தடவை பார்த்து முடித்திருக்கிறேன், இன்னமும் அது பிடிக்கும். ஆனால் இப்போது யாராவது வந்து எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் ஜப்பான் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். படப்பிடிப்பின் பளபளப்பு, பாட்டு, உடை, எபிசோட் முடியும்போது அடுத்ததையும் இப்போதே போடு என்று உட்கார வைக்கும் கொக்கி, இதிலெல்லாம் கொரியா முன்னால் நிற்கிறது. எளிதாகக் கிடைப்பதிலும் அப்படித்தான். கொரியாவின் உள்நாட்டுச் சந்தை சின்னது, வெளியே விற்றால்தான் கட்டுப்படியாகும். ஜப்பானியச் சேனல்களுக்கு உள்ளூர் விளம்பரமே போதுமாக இருந்ததால், நடிகர் உரிமை, பாட்டு உரிமை என்று ஒவ்வொன்றாகப் பேசி வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையில் அவர்கள் ரொம்ப நாள் அக்கறையே காட்டவில்லை. 'ஸ்க்விட் கேம்' தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது, ஜப்பானியத் தொடர் என்றால் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில்தான். வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றுக்காகவே கொரியாவைத் தேர்ந்தெடுங்கள்.

என்னை மாற்றியது நீளம். அதாவது, நேரம் மிச்சமாகிறது என்பது மட்டும் இல்லை. நீளம் கதைக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

ஜப்பானில் தொடர்கள் மூன்று மாதக் கணக்கில் ஓடுகின்றன. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு பருவம். வாரத்துக்கு ஒரு எபிசோட், விளம்பரம் போக ஏறக்குறைய 45 நிமிடம், மொத்தம் 10 அல்லது 11. அடுத்த பருவத்தில் அந்த நேரம் வேறொரு தொடருக்கு என்று முன்பே முடிவாகியிருக்கும், அதனால் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இழுக்க முடியாது. கொரியாவில் வழக்கமான கணக்கு 16 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இது தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும்.

தாளில் தெரியாததை எனக்குக் காட்டியது 'மதர்'. (இனி முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இரண்டு பத்தி தள்ளிப் போங்கள்.) சகமோட்டோ யூஜி எழுதி 2010-இல் ஜப்பானில் வந்தது, 11 எபிசோட். கொரியாவில் 2018-இல் மறுபடி எடுத்தார்கள், 16 எபிசோட். நடுவில் துருக்கியில் ஒன்று, 33 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதை நான் தொடவில்லை. கதை ஒன்றுதான்: பறவை ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும், குழந்தைகள் என்றாலே ஒதுங்கிப் போகும் ஒரு பெண், தற்காலிக ஆசிரியையாகப் போன இடத்தில் ஒரு சிறுமியைப் பார்க்கிறாள். ஒரு குளிர் இரவில் அந்தக் குழந்தை குப்பைப் பைக்குள் கட்டி வீட்டுக்கு வெளியே வீசப்பட்டுக் கிடக்கிறது. பெற்றவளே செய்த வேலை. அந்த ஆசிரியை குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள், சட்டப்படி அது கடத்தல். ஜப்பானியத் தொடரில் அந்தச் சிறுமியாக நடித்த அஷிதா மனாவுக்கு அப்போது 5 வயது. தனக்குப் பிடித்தவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாள், சுழலும் நாற்காலி, வளைந்து போகும் மேட்டுச் சாலை என்று. அவளுக்கு வேண்டாததைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த நோட்டைத் திறக்கும் காட்சியில் நான் நிறுத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொரிய வடிவம் மோசமில்லை, நடிப்பு பிரமாதம். ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டுமே. பெற்ற தாயின் காதலனை அவர்கள் பெரிய வில்லனாக வளர்த்தார்கள், குழந்தையை அவன் தூக்கிக்கொண்டு போக, துரத்தல், பதற்றம் என்று நடுவில் அது வேறு தொடராகவே மாறிவிடுகிறது. பார்க்கும்போது விறுவிறுப்புதான். ஜப்பானியத்தில் அந்த ஆள் சின்னப் பாத்திரம். அவர்கள் நேரத்தைச் செலவழித்தது பெற்ற தாய் மீது. அன்பாகத் தனியாளாகப் பிள்ளை வளர்த்த ஒருத்தி, கைகொடுக்க யாரும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதைப் பொறுமையாகக் காட்டினார்கள். அவளை மன்னிக்கவும் சொல்லவில்லை. குற்றத்தை ஒரு பொல்லாதவன் தலையில் கட்டிவிட்டால் பார்ப்பவருக்கு நிம்மதி, அந்த நிம்மதியை ஜப்பானியத் தொடர் கொடுக்கவில்லை. முடிவும் அப்படியே. கொரியாவில் கடைசியில் அந்த ஆசிரியைக்கே குழந்தையைத் தத்துக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் பிரிக்கிறார்கள். இருபது வயதில் படித்துக்கொள் என்று ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவள் விலக வேண்டியிருக்கிறது. 16 எபிசோட் கூடவே வந்தவருக்கு அந்த முடிவைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன். 11 என்றால் தாங்கிக்கொள்ளலாம். சொல்லப்போனால் அந்தப் பிரிவுதான் கதை.

இதைக் கவனித்த பிறகு மற்ற தொடர்களிலும் இதே கணக்குத் தெரிய ஆரம்பித்தது. 2016-இல் வந்த 'நிகேஹாஜி' ஒரு ஒப்பந்தக் கல்யாணக் கதை, கொரியத் தொடர் பார்ப்பவர்களுக்குப் பழகிய சரக்கு. ஆனால் இங்கே முதுகலை படித்தும் நிலையான வேலை கிடைக்காத பெண், ஒருவனுக்குச் சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்கிறாள், பேருக்கு அவனுடைய மனைவி. சரி, காதல் வரும், தெரிந்ததுதான். வந்த பிறகு அவன் நிஜமாகவே கல்யாணம் செய்துகொள்ளலாம், சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். அவள் சந்தோஷப்படவில்லை. அன்பு இருப்பதால் கூலி வேண்டாம் என்றால் அது சுரண்டல் என்று நேராகச் சொல்கிறாள். மாமியார் சதி, பழைய காதலி, மறதி நோய் எதற்கும் இடமில்லை, இந்த ஒரு கேள்வியைப் பேசி முடிக்கத்தான் நேரம் இருக்கிறது. 'மிட்நைட் டைனர்' இன்னும் சுருக்கம். இரவு 12 மணிக்குத் திறக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை, ஒரு ஆள், அவருக்குப் பிடித்த ஒரு சாப்பாடு, 25 நிமிடம்.

குறை இல்லாமல் இல்லை. ஜப்பானியத் தொடர் என்றால் அமைதியாக, அடக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் 'ஹன்சாவா நாவோகி' உங்களைத் தூக்கிப்போடும். வங்கிக்காரர்கள் முகத்தைக் கோணி, கண்ணை உருட்டி, கத்தித் தீர்ப்பார்கள். 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தில் முகபாவத்தை மிகைப்படுத்தும் ஜப்பானிய மரபு நாடகமான கபுகியின் நடிகர்களையே நிறைய சேர்த்திருந்தார்கள். 2013-இல் வந்த முதல் பாகத்தின் கடைசி எபிசோடை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகளில் பார்த்தார்கள், உள்ளூரில் அது அவ்வளவு பிடித்தது. எனக்குப் பழக நான்கு எபிசோட் ஆனது. இன்னொன்று, சாதாரண சேனல் தொடர்களில் வெளிச்சமும் காட்சியும் கொரியாவுக்குப் பக்கத்தில் வராது, சில சமயம் நாடக மேடையில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

என் நீள வாதத்துக்கு எதிராக ஒரு பெரிய உதாரணம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாடுகளில் அதிகம் போய்ச் சேர்ந்த ஜப்பானியத் தொடர் 'ஓஷின்'. 1983-84-இல் தினம் 15 நிமிடமாக ஒரு வருடம், 297 எபிசோட். ஈரான், தாய்லாந்து, இலங்கை என்று எங்கெங்கோ ஜனங்கள் அதற்காகக் காத்திருந்து பார்த்தார்கள். நான் பார்த்தது தொடக்கப் பகுதி மட்டும், ஒரு மூட்டை அரிசிக்கு வேலைக்காரியாக அனுப்பப்படும் சிறுமியின் கதை. மீதியைப் பார்த்திருந்தால் நீளம் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுவேனா என்று சந்தேகம்தான். ஞாயிறுதோறும் வருடம் முழுக்க ஓடும், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் சரித்திரத் தொடர்களிலும் எனக்கு அனுபவம் போதாது. சரித்திரக் கதைதான் வேண்டும் என்பவர்கள் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் 'அன்நேச்சுரல்' பாருங்கள், 2018, பத்தே எபிசோட். காரணம் தெரியாத மரணங்களை ஆராயும் ஒரு ஆய்வகம், ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு வழக்கு, அடியில் கடைசிவரை ஓடும் ஒரு பழைய வழக்கு. 'நிகேஹாஜி'க்குத் திரைக்கதை எழுதிய நோகி அகிகோதான் இதையும் எழுதினார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். என் தங்கைக்கு இதைத்தான் கொடுத்தேன். அவள் முடித்துவிட்டு 'மதர்' கேட்டாள், ஜப்பானியத்தை முதலில் பார், கொரியத்தை அப்புறம் பார் என்று சொல்லியிருக்கிறேன்.