18 முடிந்த பிறகு: அதே வீடா, குழு வீடா, தனி அறையா?

வளர்ப்புக் குடும்பத்திலோ (தத்தெடுக்காமல் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் வீடு) காப்பகத்திலோ வளரும் பிள்ளைக்கு 18 வயது நெருங்கும்போது பெரும்பாலும் மூன்று வழிகள் பேச்சில் வரும். வளர்ந்த வீட்டிலேயே இன்னும் சில வருடம் தொடர்வது, ஒத்த வயதுப் பிள்ளைகள் சிலர் ஒரு பொறுப்பாளரோடு வாழும் குழு வீடு, உதவித்தொகையோடு தனி அறை. எங்களிடம் வளர்ந்த பையனுக்கு நாங்கள் முதல் வழியை எடுத்தோம். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை.

தனி அறையின் நன்மையை விளக்கத் தேவையில்லை. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று வளர்ந்த பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சாவி கிடைப்பது பெரிய விஷயம். பணத்தைக் கையில் கொடுத்தால் கெட்டுவிடுவார்கள் என்ற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. வேல்ஸ் அரசு 2022-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி, பராமரிப்பிலிருந்து, அதாவது வளர்ப்புக் குடும்பம், காப்பகம் போன்றவற்றிலிருந்து, வெளியேறி 18 வயதானவர்களுக்கு வரிக்கு முன் மாதம் 1,600 பவுண்டு வீதம் இரண்டு வருடம் கொடுத்தது. அப்படிப்பட்ட தொகை இருந்தால் வாடகைக் கவலை தீரும். ஆனால் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே.

குழு வீட்டில் அந்த ஆள் உண்டு. இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள், ஆறு முதல் எட்டுப் பேர் தற்காலிகமாகச் சேர்ந்து வாழும் வீடுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒரே அனுபவம் உள்ளவர்கள் கூட இருப்பதால் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால், பொறுப்பாளர் சம்பளத்துக்கு வருபவர், மாறிக்கொண்டே இருப்பார். ஒருவர் கிளம்பியதும் அந்தக் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கட்டில்தான். வெளியே போனவர் திரும்பி வரலாமா, கூடாதா?

சொந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரே மூச்சில் வெளியேறிவிடுவதில்லை. வேலைக்குப் போவார்கள், பிடிக்காமல் விட்டுவிட்டு வருவார்கள், நண்பனோடு அறை எடுப்பார்கள், சண்டை போட்டுப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. பராமரிப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான். வேலை போனால் வாடகை போச்சு, வாடகை போனால் தெருதான். எங்கள் பையனும் வெளியூரில் சேர்ந்த முதல் வேலை சரிப்படாமல் திரும்பி வந்தான். வந்தவன் இரண்டு நாள் தூங்கினான். அப்புறம் அவனாகவே எழுந்து விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தான். ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் யோசிக்காமல் எங்கள் வீட்டு எண்ணை எழுதினான். தனி அறையில் இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் தூக்கத்துக்கே வாடகை பாக்கி விழுந்திருக்கும்.

இதைச் சட்டமாக்கிய இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் 2014-இல் வந்த சட்டப்படி, இருதரப்பும் விரும்பினால் 21 வயதுவரை அதே வளர்ப்புக் குடும்பத்தில் தொடரலாம், அதற்கு உள்ளாட்சி அமைப்பு துணை நிற்க வேண்டும். அமெரிக்காவில் 2008-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுவரை பராமரிப்பை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு நிதி தருகிறது. கலிபோர்னியாவில் 18-க்குப் பிறகு வெளியே போனவர்கூட, தகுதி இருந்தால் 21-க்குள் மறுபடி உள்ளே வரலாம். அந்த ‘மறுபடி’தான் எனக்கு முக்கியம்.

வீட்டிலேயே தொடர்வதிலும் தொல்லைகள் இருக்கின்றன. 18 ஆனதும் சட்டத்தின் கண்ணுக்கு அவன் வளர்ப்புப் பிள்ளை அல்ல, வீட்டில் வசிக்கும் இன்னொரு பெரியவன். அடுத்து ஒரு குழந்தையை ஏற்க நினைத்தால் அவனைப் பற்றியே விசாரிப்பார்கள். நேற்றுவரை தம்பி தங்கையோடு விளையாடியவனுக்கு அது கொஞ்சம் அவமானம்தான். அவனை வளர்ப்பதற்காக வீட்டுக்கு வரும் உதவித்தொகையும் குறையலாம், நின்றும் போகலாம். இன்னொன்று, வசதியாக இருந்தால் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான் என்ற பயம். அதற்காக மின்கட்டணத்தை அவன் பொறுப்பில் விட்டோம். ஒருமுறை கடைசித் தேதியை மறந்துவிட்டான், அபராதத்தையும் அவனே கட்டினான். அதோடு சரி.

எனக்குத் தெரிந்தது ஒரு வீடு, ஒரு பையன், அவ்வளவுதான். பெரிய காப்பகத்தில் வளர்ந்து, குடும்பம் என்று சொல்ல யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு முதல் வழியே கிடையாது. மேலே சொன்ன 2014 சட்டமும் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான், காப்பகப் பிள்ளைகளுக்கு அது பொருந்தவில்லை. அவர்களுக்கு நான் குழு வீட்டைத்தான் சொல்வேன், அதுவும் பழைய காப்பகத்தில் பழகிய ஒருவராவது தொடர்பில் இருந்தால். உடல் அல்லது மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கு எது சரி என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வேலை போனாலோ படிப்பு நின்றாலோ திரும்பி வரலாமா, வந்தால் எத்தனை நாள் இருக்கலாம்? “பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், இடம் இல்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்த வழியைப் பாருங்கள்.